லுடீன் ஆராய்ச்சிக்கு லுடீன் கம்பெனியின் பணம்: வாங்கலாமா?

கீரைக்கட்டு | திங்கள், காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் ஊட்டச்சத்து அறிவியலில் முனைவர் பட்டம் முடித்தேன். சாப்பாட்டுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்புதான் என் பாடம். குறிப்பாக லுடீன், சியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள். கீரை, மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் இருப்பவை. உடம்பு இவற்றைத் தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வந்ததில் ஒரு பங்கு விழித்திரையின் நடுவில் இருக்கும் மாகுலாவில் போய்த் தங்குகிறது. எழுத்தைப் படிப்பதும் எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அங்கே படிந்த நிறமி, நீல ஒளியில் ஒரு பகுதியை உள்ளே போகும் முன்பே உறிஞ்சிவிடுகிறது.

என் சிக்கல் இதுதான். அடுத்த வேலைக்கு இரண்டு வழி கிடைத்திருக்கிறது. ஒன்று, லுடீன் தயாரிக்கும் ஒரு கம்பெனி பணம் போடும் ஆய்வு. நாள் முழுக்கக் கணினி பார்க்கும் இளைஞர்களுக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, மாகுலா நிறமி கூடுகிறதா என்று அளப்பது. சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடும். கருவியும் வாங்கித் தருகிறார்கள். இன்னொன்று அரசு மானியம். கிராமத்துப் பெண்கள் எவ்வளவு கீரை சாப்பிடுகிறார்கள், அது ரத்தத்திலும் கண்ணிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது. பணம் குறைவு, வருகிற தேதி கடவுளுக்கே வெளிச்சம்.

என் வழிகாட்டி முதலாவதை எடுத்துக்கொள் என்கிறார். வீட்டிலும் அதேதான். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை, ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. இங்கே கண் மருத்துவத்திலும் புள்ளியியலிலும் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். பொதுவான கேள்விகள் இருந்தாலும் கேளுங்கள்.

---

பாலு_ஓய்வு | திங்கள், காலை 10:03

அம்மா, பொதுவான கேள்வி என்று நீங்களே வாயைக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் டிரை ஏஎம்டி (வயதானால் மாகுலா சிதையும் நோய், அதில் உலர் வகை), நடுத்தர நிலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒரு மாத்திரை, மாதச் செலவு பென்ஷனில் ஒரு கடி கடிக்கிறது. இந்தக் காசுக்கு தினமும் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கித் தின்றால் ஆகாதா? உண்மையைச் சொல்லுங்கள்.

---

கீரைக்கட்டு | திங்கள், காலை 11:40

பாலு சார், உங்கள் நிலைக்குத்தான் அந்த மாத்திரை சோதிக்கப்பட்டது. அதனால் நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் ஏரெட்ஸ் என்ற பெரிய ஆய்வை நடத்தி 2001-ல் முடிவை வெளியிட்டது. வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 15 மி.கி., துத்தநாகம் 80 மி.கி., அதோடு தாமிரம் 2 மி.கி. இவ்வளவு துத்தநாகம் உள்ளே போனால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம், அதற்காகத்தான் தாமிரம். நடுத்தர நிலையில் இருந்தவர்களும், ஏற்கெனவே ஒரு கண் முற்றியவர்களும் சேர்ந்த கூட்டத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு ஐந்து வருடத்தில் நோய் முற்றியது. இந்தக் கலவை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. அதாவது 100 பேரில் 8 பேர் தப்பித்தார்கள். பார்வை திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை, முற்றும் வேகம்தான் குறைந்தது. ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை.

2013-ல் ஏரெட்ஸ்-2 வந்தது, 4,203 பேர். பழைய கலவையோடு லுடீன் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி., மீன் எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் என்று அடித்துச் சொல்லும்படி மொத்தத்தில் எதுவும் வரவில்லை. ஆனால் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. அதில் பெரும்பாலோர் முன்பு புகைத்தவர்கள். அதனால் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லுடீனை வைத்தார்கள். பத்து வருடத் தொடர்ச்சியை 2022-ல் வெளியிட்டபோது, பீட்டா கரோட்டின் குழுவைவிட லுடீன் குழுவில் நோய் முற்றுவது 20 சதவீதம் குறைவு என்று வந்தது.

நீங்கள் எப்போதாவது புகைத்திருந்தால் அட்டையின் பின்பக்கம் பீட்டா கரோட்டின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள். ஆனால் 80 மி.கி. துத்தநாகத்தைக் கீரையில் எடுக்க வழியே இல்லை. ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை சார். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் கணக்கைக் கலைத்துவிடும்.

---

பாலு_ஓய்வு | திங்கள், மதியம் 12:15

வார்ஃபரின் இல்லை. சிகரெட் 1998-ல் விட்டேன். மாத்திரையைப் பார்த்தேன், லுடீன்தான் போட்டிருக்கிறது. நிம்மதி.

---

விழித்திரை_வார்டு | திங்கள், மதியம் 1:30

மதுரைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட் நான், அதாவது பார்வைப் பரிசோதகர். கீரைக்கட்டு சொன்னதில் ஒரு வரியைப் பெரிதாகப் போட வேண்டும்: ஆரம்ப நிலைக்காரர்களுக்குப் பலன் தெரியவில்லை. நோயே இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் என் மேஜைக்கு வரும் மருந்துச் சீட்டுகளைப் பார்த்தால், கண் எரிச்சல் என்று வந்த முப்பது வயதுக்காரருக்கும் இதே மாத்திரை, சர்க்கரையால் விழித்திரை கெட்டவருக்கும் இதே மாத்திரை, கண்புரைக்கு ஆபரேஷன் தேதி வாங்கியவருக்கும் இதே மாத்திரை. ஏரெட்ஸ் கலவை கண்புரையைத் தடுக்கவில்லை என்று அந்த ஆய்வே சொல்லியிருக்கிறது. உலர்கண்ணுக்கு 3,000 மி.கி. ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த ட்ரீம் ஆய்வு 2018-ல் வந்தது. ஆலிவ் எண்ணெய் கொடுத்த குழுவும் மீன் எண்ணெய் குழுவும் ஒரே மாதிரிதான் தேறின.

பாலு சார், மாத்திரையைவிட முக்கியமான ஒன்று. ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நடுவில் புள்ளி வைத்தது. ஒரு கண்ணை மூடி மற்றதால் அந்தப் புள்ளியைப் பாருங்கள், அப்புறம் மாற்றி. கோடு வளைந்து தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள். உலர் வகை ஈர வகையாக (விழித்திரைக்கு அடியில் ரத்தமோ நீரோ கசியும் வகை) மாறினால் ஊசி போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் சீக்கிரம் வர வேண்டும்.

---

பகல்நட்சத்திரம் | திங்கள், மாலை 4:48

வெள்ளைக்காரன் ஆய்வு எல்லாம் இருக்கட்டும். பொன்னாங்கண்ணியை ஒரு மண்டலம் சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்று நம் முன்னோர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் அதை யாரும் ஆராய மாட்டேன் என்கிறீர்கள்?

---

யாழ்_மரக்கறி | திங்கள், மாலை 6:20

நான் யாழ்ப்பாணத்தில் உணவியலாளராக வேலை செய்கிறேன். எங்கள் ஊரிலும் பொன்னாங்காணி கண்ணுக்கு நல்லது என்றுதான் அம்மம்மா காலத்தில் இருந்து சொல்லுவினம். நட்சத்திரத்தை விடுங்கோ. கடும் பச்சை இலை என்றால் லுடீனும் பீட்டா கரோட்டினும் இருக்கத்தான் செய்யும், பொன்னாங்காணிக்கு மட்டும் உள்ள மந்திரம் இல்லை. எப்படிச் சமைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். நாங்கள் வறை (பொரியல் மாதிரி) செய்தால் தேங்காய்ப்பூ, அதாவது தேங்காய்த் துருவல் போடுவம். அந்தக் கொழுப்பு இல்லாமல் இந்த நிறமிகள் குடலில் சரியாக ஏறாது. அவித்துத் தண்ணீரோடு குடிக்கிற "டயட்" ஆட்களிடம் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன்.

---

கீரைக்கட்டு | திங்கள், இரவு 8:05

யாழ்_மரக்கறி அக்கா சொன்னதுதான் என் முழு ஆய்வேடும். கொழுப்பு வேண்டும், வேக வைத்து இலையின் செல் சுவர் உடைய வேண்டும். அப்போதுதான் நிறமி வெளியே வந்து பித்தநீரோடு கலந்து உள்ளே ஏறும். முட்டையில் லுடீன் கீரையைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் கருவிலேயே கொழுப்பும் சேர்ந்து இருப்பதால், இருப்பது நன்றாக ஏறிவிடும்.

பகல்நட்சத்திரம் சார், கீரையை யாரும் ஆராயவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாக் கீரைக்கும் சேர்த்து ஒரு அடி 1995-லேயே விழுந்தது. இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவில், பாலூட்டும் தாய்மார்களுக்குத் தினமும் கூடுதலாகக் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ நிலை ஏறவில்லை. அதே அளவு பீட்டா கரோட்டினை வேறு உணவில் கலந்து கொடுத்தபோது ஏறியது. அதுவரை கீரையில் இருக்கும் கரோட்டின் ஆறில் ஒரு பங்கு வைட்டமின் ஏ ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பன்னிரண்டில் ஒரு பங்கு என்று இறக்கினார்கள். கீரைக்கு அதைவிடவும் மோசமாக இருக்கலாம்.

குழப்பம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை: லுடீன் வைட்டமின் ஏ ஆக மாறாது. பீட்டா கரோட்டின்தான் மாறும். மாலைக்கண் வைட்டமின் ஏ கணக்கு, மாகுலா நிறமி லுடீன் கணக்கு. இரண்டுக்கும் ஒரே கீரையைக் காட்டுவதால் பாதிக் கட்டுரைகளில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

---

ஓய்வுபெற்ற_செவிலியம்மா | செவ்வாய், காலை 7:10

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வைட்டமின் ஏ பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழந்தைகளின் வெள்ளை விழியில், கருவிழிக்கு வெளிப்பக்கமாக, சோப்பு நுரை ஒட்டின மாதிரி ஒரு திட்டு இருக்கும். பிட்டாட் புள்ளி, வைட்டமின் ஏ குறைவின் அடையாளம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆனால் அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஒன்பதாம் மாதம் அம்மை ஊசியோடு வைட்டமின் ஏ திரவம் ஒரு மில்லி, அதாவது ஒரு லட்சம் யூனிட். அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லி. பாட்டிலோடு வரும் கரண்டியில் பாதிக் கோடு ஒன்று இருக்கும், அதைப் பார்த்து ஊற்ற வேண்டும். குழந்தை துப்பிவிட்டால் மறுபடி எவ்வளவு கொடுப்பது என்பதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது!

திருச்சிப் பக்கம் நடந்த பெரிய ஆய்வைப் பற்றி எங்கள் டாக்டரம்மா வகுப்பெடுத்தது ஞாபகம் இருக்கிறது. வாரா வாரம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள் என்று. அது என்ன ஆயிற்று?

---

எண்கணக்கு | செவ்வாய், காலை 9:55

அம்மா, அது 1990-ல் வெளிவந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ரஹ்மத்துல்லா குழு செய்தது. திருச்சிப் பகுதியில் 15,419 குழந்தைகள். வாரம் 8,333 யூனிட், அதாவது சாப்பாட்டிலேயே கிடைக்கக்கூடிய சின்ன அளவு. அந்தக் குழுவில் குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்தது. கண்ணுக்காக ஆரம்பித்த விஷயம் உயிரில் வந்து நின்றது. பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த டெவ்டா ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்து வெறும் 4 சதவீத வித்தியாசம்தான் வந்தது. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவு. அளவா, இடைவெளியா, காலமா, கொடுத்த விதமா என்று இன்னும் சண்டை ஓடுகிறது.

இனி இழையின் கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவச் சோதனைகளுக்குப் புள்ளியியல் பார்ப்பவன். கீரைக்கட்டு, உங்கள் மனது ஏன் ஒப்பவில்லை என்று நான் சொல்லட்டுமா? அந்தக் கம்பெனி ஆய்வின் முடிவு ஆரம்பிக்கும் முன்பே தெரியும்.

லுடீன் கொடுத்தால் மாகுலா நிறமி கூடும். அது ஏற்கெனவே பலமுறை நிரூபணம் ஆனது. சிலருக்குக் கூடாது, சராசரி கூடும். நிறமி கூடினால் அந்த இளைஞருக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி, அதை அவர்கள் கேட்கவில்லை. நல்ல பார்வை உள்ள 25 வயதுக்காரரை ஆறு மாதம் பார்த்து மாகுலா சிதைவைத் தடுத்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நிறமி என்ற இடைநிலை அளவில் நிறுத்திவிட்டு, விளம்பரத்தில் மட்டும் "கண்ணைக் காக்கும்" என்று ஒரு தாவு தாவிவிடுவார்கள். பொய் சொன்னதாக யாரும் பிடிக்க முடியாது.

அளவு ஒன்று, பலன் ஒன்று என்று பிரிந்து நின்றதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கமும் டெல்லிப் பக்கமும் 60 வயது தாண்டிய 5,638 பேரைப் பார்த்த இண்ட்-ஐ ஆய்வில், ரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் இருந்தவர்களுக்குக் கண்புரை குறைவு. வடக்கே கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேருக்கும் தெற்கே பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கும் வைட்டமின் சி பற்றாக்குறை. படித்தவுடன் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தென்னிந்தியக் கிராமங்களில் 798 பேருக்கு வைட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். கண்புரை வளர்வதில் ஒரு மாற்றமும் இல்லை. ரத்தத்தில் சி அதிகம் இருப்பவர் கொய்யாப்பழம் வாங்க வசதி உள்ளவர், விறகடுப்புப் புகையில் நிற்காதவர், வெயிலில் களை எடுக்காதவர். எதனால் கண் நன்றாக இருந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

---

கறார்_கண்ணன் | செவ்வாய், காலை 10:20

இதற்கு இவ்வளவு நீளமா? கம்பெனி காசு வாங்கினால் கம்பெனி பாட்டுத்தான். விட்டுத் தள்ளுங்கள்.

---

தாளவாடிக்காரன் | செவ்வாய், மதியம் 2:45

வணக்கமுங்க. நான் படிச்சவன் இல்லை, விவசாயி. ஆனா நீங்க பேசுற லுடீன் எங்க காட்டுல இருந்துதான் போகுது, அதனால ரெண்டு வார்த்தை.

செண்டுமல்லி. மாலை கட்டுறதுக்கு இல்லை, கம்பெனிக்கு. விதையை அவங்களே தருவாங்க, விலையை முன்னாலயே பேசிருவாங்க. நட்டு ரெண்டு மாசத்துல முதல் பறிப்பு. நல்ல ஆரஞ்சா, ஈரம் இல்லாம, காம்பு இல்லாம பறிக்கணும். மழை நனைஞ்ச பூவுக்கு எடையில கழிச்சிருவாங்க. மூட்டை போட்டு வண்டி ஏத்துனா, அங்க பூவைக் குழியில கொட்டி மிதிச்சு மூடிப் புளிக்க வைக்கிறாங்க. அந்த வாசம் ஒரு கிலோமீட்டருக்கு அடிக்கும். அப்புறம் பிழிஞ்சு, காய வச்சு, குச்சி மாதிரி உருட்டி, ஹெக்சேன்னு ஒரு திரவத்தை ஊத்திக் கரைச்சா கருஞ்சிவப்புல தார் மாதிரி வரும். அதுதான் சரக்கு. பாதி கோழித் தீவனத்துக்குப் போகுது, முட்டைக் கரு மஞ்சளா வர்றதுக்கு. மனுசன் மாத்திரைக்கு இன்னும் சுத்தம் பண்ணுவாங்களாம்.

கண்ணன் அண்ணனுக்குச் சொல்றேன், தக்காளி ரோட்டுல கொட்டுற வருசம் எங்களைக் காப்பாத்துறது இந்தப் பூதான். அடுத்த பயிருக்கு வேர்ல நூற்புழுவும் குறையுது. மாத்திரை வித்தாத்தான் பூ விக்கும். தங்கச்சி அந்த ஆராய்ச்சியைச் செய்யட்டும், நேர்மையாச் செய்யட்டும்.

---

கீரைக்கட்டு | செவ்வாய், மாலை 5:30

அண்ணே, பூவில் லுடீன் கொழுப்பு அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். காரம் சேர்த்து அதைப் பிரித்து எடுப்பதுதான் நீங்கள் சொன்ன அந்தச் சுத்தம். ஆய்வுக்கூடத்தில் லுடீனைத் தொடும்போதெல்லாம் மஞ்சள் விளக்கில்தான் வேலை செய்வோம், வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். ரத்த மாதிரியும் அப்படித்தான். எடுத்தவுடன் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வைத்து, மைனஸ் 80 டிகிரிப் பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். கிராமத்தில் கரண்ட் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

எண்கணக்கு சார், நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். ஒப்பந்தத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது. முடிவை வெளியிட கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இது வழக்கமானதா?

---

எண்கணக்கு | செவ்வாய், இரவு 7:02

வழக்கமாக எழுதிப் பார்ப்பார்கள். வழக்கமாக அடித்துவிட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை: முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடும் உரிமை உங்களுடையது. கட்டுரையை அவர்கள் முன்கூட்டிப் படிக்கலாம், காப்புரிமை விஷயம் இருந்தால் சொல்லலாம், வரியை மாற்றச் சொல்லக் கூடாது. தரவு உங்கள் நிறுவனத்திடம் இருக்கும், கணக்குப் போடுவது வெளியாள். முதல் ஆள் சேரும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும், எது முதன்மை அளவு (பலன் உண்டா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது) என்பதோடு. 2009 முதல் அது கட்டாயம்தான். ஆனாலும் தாமதமாகப் பதிந்து, வந்த முடிவுக்கு ஏற்ற மாதிரி முதன்மை அளவை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணன் சொல்வது போல எல்லாம் பாட்டு என்று நான் நினைக்கவில்லை. பீட்டா கரோட்டின் கதையைப் பாருங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து 1994-ல் சொன்னது: புற்றுநோயைத் தடுக்கும் என்று கொடுத்த மாத்திரையால் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அதுவும் அரசுப் பணத்தில் நடந்த, யாரும் எதிர்பார்க்காத முடிவு. யார் பணம் என்பதைவிட எந்தக் கேள்வி, யார் எழுதியது என்பதைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் பணம் போடுபவரும் கேள்வியை எழுதியவரும் ஒருவரே, அதுதான் தொல்லை.

ஒரு யோசனை. ஏரெட்ஸ்-2-ல் மொத்தத்தில் பலன் வராவிட்டாலும், சாப்பாட்டில் லுடீன் மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கு ஆட்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, லுடீன் கொடுத்தவர்களுக்கு நோய் முற்றுவது 26 சதவீதம் குறைவு. துணைக்குழுக் கணக்கு, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகச் சாப்பிடும் அமெரிக்க வெள்ளையர்கள். குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள். அவர்களையே எடுத்து மூன்று குழுவாகப் பிரியுங்கள்: மாத்திரை, எண்ணெயில் வதக்கிய கீரை, முட்டை. நிறமியோடு, வெளிச்சத்தில் கண் கூசியபின் பார்வை திரும்பும் நேரம், மங்கலில் எழுத்துப் படிப்பது என்று ஆளுக்குப் புரிகிற ஒன்றையும் அளங்கள். கம்பெனியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

---

செல்வி_தாம்பரம் | செவ்வாய், இரவு 9:18

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஒன்பது வயது, கண்ணாடிப் பவர் வருடா வருடம் ஏறுகிறது. செல்போன் நீல ஒளிக்கு லுடீன் சேர்த்த ஜெல்லி மிட்டாய் என்று ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

---

விழித்திரை_வார்டு | செவ்வாய், இரவு 9:40

வாங்க வேண்டாம் அக்கா. திரையில் இருந்து வரும் நீல ஒளி வெயிலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நீல ஒளி தடுக்கும் கண்ணாடியால் கண் களைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பே 2023-ல் சொல்லியாயிற்று. கிட்டப்பார்வைக்கு மிட்டாயில் மருந்து இல்லை. சீனாவில் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4. ஏற்கெனவே வந்த பையனுக்கு வெளி விளையாட்டு மட்டும் போதாது. பவரின் வேகத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும் தனிவகைக் கண்ணாடியும் இருக்கின்றன, குழந்தைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

---

கீரைக்கட்டு | வெள்ளி, மாலை 6:10

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. கம்பெனியோடு பேசினேன். வெளியீட்டு உரிமைப் பிரிவை எடுத்துவிடச் சம்மதித்துவிட்டார்கள், நான் எதிர்பார்க்கவே இல்லை. பேசியவரும் நல்ல மனிதர்தான். ஆனால் கீரைக்குழுவும் முட்டைக்குழுவும் முடியாது என்றார்கள். "மேடம், நாங்கள் கீரை விற்கவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் பணம், அவர் கேள்வி.

அரசு மானியத்தை எடுத்துக்கொள்ளப் போகிறேன். காரணம் கொள்கை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். முன்னோட்டமாக ஒரு கிராமத்தில் உணவுக் கேள்வித்தாளைக் கொண்டுபோனபோது, வாரம் எத்தனை நாள் கீரை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் மூன்று நாள் என்றார்கள். நேற்று நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கரண்டியைக் காட்டிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. ஒரு கட்டு, ஆறு பேர், கடைசியாக உட்கார்ந்தவர் அம்மா. "எனக்குக் குழம்புதான் இருந்துச்சு" என்றார் ஒருவர். கேள்வித்தாளில் அவர் வாரம் மூன்று நாள் கீரை சாப்பிடுபவர். ரத்தத்தை அளக்காமல் இது வெளியே வராது. ஏரெட்ஸ் மாதிரி ஆய்வுகளின் உணவுக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து வைத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வழிகாட்டி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடகைக்கு என்ன செய்வது என்று தனிக்கவலை.

ஒரு உதவி வேண்டும். மாகுலா நிறமி அளக்க, மினுக்கும் ஒளியைப் பார்த்துக் குமிழைத் திருப்பி மினுக்கல் நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. வயதானவர்களிடம் அது எடுபடுவதில்லை. "நிக்கவே மாட்டேங்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

---

கறார்_கண்ணன் | வெள்ளி, மாலை 6:31

சரியான முடிவு. ஆனால் அரசு மானியம் வரும் வரை சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

தாளவாடிக்காரன் | வெள்ளி, இரவு 7:15

தங்கச்சி, உங்க ஆராய்ச்சிக்குக் கீரை வேணும்னா சொல்லுங்க. அரைக்கீரையும் தண்டுக்கீரையும் நம்ம தோட்டத்துல ஓரமா எப்பவும் கிடக்கு.

---

எண்கணக்கு | வெள்ளி, இரவு 7:50

ஆள் எண்ணிக்கைக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன். முன்னோட்டத்தில் வந்த ரத்த அளவுகளின் பரவல் எவ்வளவு என்று மட்டும் அனுப்புங்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண்களை எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், கணக்கு மாறும்.

---

விழித்திரை_வார்டு | வெள்ளி, இரவு 8:26

எங்களிடம் ஆட்டோஃப்ளூரசன்ஸ் கேமரா (விழித்திரை தானாக உமிழும் ஒளியைப் படம் எடுப்பது) இருக்கிறது. குமிழ் எல்லாம் திருப்ப வேண்டாம், கருவியில் மோவாயை வைத்து ஒரு படம் எடுத்தால் நிறமியைக் கணக்கிட்டுவிடலாம். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவோம், அதனால் கூட யாராவது வர வேண்டும், திரும்பும்போது வெயில் கூசும். கண்புரை முற்றியவர்களின் படம் தேறாது, அவர்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள். எங்கள் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், துறைத் தலைவரிடம் நான் பேசுகிறேன். ஆட்களைத் திங்கட்கிழமை மட்டும் கூட்டி வராதீர்கள், அன்றைக்கு ஓபியில் நிற்க இடம் இருக்காது.